ஹாரன் அடிக்காத இருபத்தைந்து நிமிடம்

நான் ஓட்டிய மெட்டடார் வேனில் ஹாரன் நன்றாகவே வேலை செய்தது. கிண்டியில் மாநகரப் பேருந்து உரசிக்கொண்டு வரும்போது அடித்திருக்கிறேன். ஆனால் யார் வீட்டு வாசலிலும் அடித்ததில்லை. வண்டியை நிறுத்துவேன், இன்ஜினை அணைப்பேன், ஸ்டியரிங்கில் கை வைத்துக் காத்திருப்பேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து வருவார். அப்படி ஒரு டிரைவர் கிடைத்தது பெரிய விஷயம் என்று வேனில் வருகிறவர்கள் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துகொள்ளாது, நாய் குரைக்காது. என்னுடைய கூச்சத்துக்கு என் வாழ்நாளில் கிடைத்த ஒரே பாராட்டு அது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தைக் கூட்டிப் படிப்பேன், எண்கள் நன்றாக வரும். தெரியாத இடத்தில் வழி கேட்பதைவிட இரண்டு தெரு சுற்றி வருவது எனக்குச் சுலபம். நாற்பத்தைந்து வயதிலும் அப்படித்தான் இருந்தேன்.

தி.நகரில் ஒரு டிராவல்ஸ் முதலாளியிடம் வேலை. தெற்குச் சீமையிலிருந்து வந்தவர், ஏழெட்டு வண்டி வைத்திருந்தார். என் வண்டி விமான நிலையத்து ஷிஃப்ட் ஆட்களுக்கு. விமானம் ஓட்டுகிறவர்களை நான் ஏற்றிப் போகவில்லை. கீழே ஓர் அறையில் உட்கார்ந்து, மேலே போகிற விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்கிற அதிகாரிகள் அவர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் எனக்கு இல்லை. ஏறுகிற இடம்தான் பெயர். அடையாறு சார், மயிலாப்பூர் சார்.

இந்த வேலை கிடைத்த புதிதில் என் மனைவிக்கு அதைப் புரிய வைக்க முடியவில்லை.

"வானம் எம்மாம் பெர்சா கீது. அதுல போய் ரெண்டு எப்டிய்யா மோதும்? உனுக்கு யாரோ கதை வுட்டுகீறாங்க" என்றாள்.

எப்படியோ தைரியம் வந்து இதை அடையாறு சாரிடம் ஒருநாள் சொன்னேன். என் வயதுதான் அவருக்கும். முன்சீட்டில் உட்காரும் பழக்கம். சிரித்தார்.

"உங்க வீட்டம்மா சொல்றது சரிதான். வானம் பெருசு. தி.நகரும் பெருசுதானே? ஆனா எல்லாரும் ரங்கநாதன் தெருவுக்குள்ளதானே போறாங்க. அது மாதிரி விமானத்துக்கும் பாதை நாலஞ்சுதான். எல்லாரும் ஒரே ஊருல இறங்கணும், ஒரே ஊருல இருந்து ஏறணும். மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு குறைஞ்சது ஆயிரம் அடி இடைவெளி விட்டு அனுப்பணும். இல்லன்னா முன்ன பின்ன தள்ளி அனுப்பணும். அவ்வளவுதான் எங்க வேலை."

அவ்வளவுதான் என்று அவர் சொன்ன வேலைக்குப் போய்வருகிறவர்களின் முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்த்தேன். போகும்போது கிரிக்கெட், காய்கறி விலை, பிள்ளைகள் படிப்பு என்று பேசுவார்கள். திரும்பும்போது பேச்சே இருக்காது. ஒரு வருடக் கடைசியில் வடக்கே இரண்டு விமானங்கள் வானத்தில் மோதி, ஒருவர் கூடப் பிழைக்கவில்லை என்று பேப்பரில் வந்தது. மறுநாள் வேனில் ஏறிய நாலு பேரும் போகும்போதும் பேசவில்லை. நானும் ரேடியோவை அணைத்துவிட்டேன்.

அடுத்த பங்குனியில் இது நடந்தது.

மயிலாப்பூரில் அறுபத்துமூவர் அன்று. காலையில் அடையாறு சாரைக் கொண்டுபோய் விட்டேன். மதியம் ஒரு மணிக்கு அவரை மாற்றிவிட்டு உட்கார வேண்டியவர் மயிலாப்பூர் சார். மதிய நடைக்கு அன்று அவர் ஒருவர்தான். எப்போதும் அவர் வீட்டு வாசலில் பன்னிரண்டு பத்துக்கு நிற்பேன், பன்னிரண்டே முக்காலுக்கு நிலையத்தில் இறக்கிவிடுவேன்.

அன்று குளத்தைச் சுற்றி எந்தத் தெருவிலும் நுழைய முடியவில்லை. நீர்மோர்ப் பந்தல்கள், ஊர்வலத்துக்கு இடம் பிடிக்க வந்த கூட்டம், போலீஸ் தடுப்பு. தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தேன். அவர் வீட்டு வாசலில் இருபது முப்பது ஜோடிச் செருப்பு. உள்ளே உறவுக்காரர்கள் பேசிச் சிரிக்கும் சத்தம், ஜன்னலில் பட்டுப்புடவைகள். அழைப்பு மணி கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதற்குப் போக வேண்டுமானால் அந்தச் செருப்புகளைத் தாண்டி, வேர்த்து ஒட்டிய சட்டையோடு எல்லோர் கண்ணிலும் பட்டு நிற்க வேண்டும். எதிர்வீட்டு நிழலில் ஒதுங்கிக்கொண்டேன். இதோ வந்துவிடுவார் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே இருபத்தைந்து நிமிடம் நின்றேன்.

கடைசியில் அவர் வெளியே வந்தது என்னைத் தேடி இல்லை, தெருவில் வண்டி தெரிகிறதா என்று பார்க்க. என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"என்ன ஓய்! எப்ப வந்தேள்? வண்டி வாசலுக்கு வரலையே, இன்னும் வரலைன்னுன்னா நெனச்சுண்டு உக்காந்திருக்கேன்!"

"இப்பதான் சார் வந்தேன். கூட்டம்" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொல்லவில்லை. கேட்டவுடன் வாயில் வந்தது அதுதான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார், நான் பின்னால் ஓடினேன். நிலையத்துக்குள் வண்டி நுழைந்தபோது ஒன்று இருபத்தைந்து. நாற்பது நிமிடத் தாமதத்தில் பதினைந்து திருவிழாவினுடையது. மீதி என்னுடையது.

இறங்கும் அவசரத்திலும் என் டிரிப் ஷீட்டில் வழக்கம்போல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார். அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த நேரம் ஏற்றினோம், எந்த நேரம் இறக்கினோம் என்று அதில் எழுத வேண்டும். நான் காலையில் வண்டி எடுக்கும்போதே அன்றைக்கான எல்லா நடைகளுக்கும் நேரத்தை எழுதி வைத்துவிடுவேன். தினமும் ஒரே நேரம்தானே. அன்றும் பன்னிரண்டே முக்கால் என்று காலை ஆறு மணிக்கே எழுதியிருந்தேன். அதன் மேல்தான் அவர் கையெழுத்துப் போட்டார்.

திரும்பிப் போவதற்கு அடையாறு சாருக்காகக் காத்திருந்தேன். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் வருகிறவர் இரண்டரை மணிக்கு மேல் வந்தார். முன்சீட்டில் ஏறவில்லை, பின்னால் போய்க் கடைசி இருக்கையில் உட்கார்ந்தார். கிண்டி தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமல், மூடியை மறுபடி மறுபடி திருகிக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து அவரை ஷிஃப்ட்டுக்கு ஏற்றச் சொல்லவில்லை. காலை ஒன்பது மணி ஆபீஸ் நடையில் ஏற்றச் சொன்னார்கள். விசாரணை முடியும்வரை விமானங்கள் பக்கம் போகாமல் ஃபைல் பார்க்கிற வேலை. அது முடியும்போது இருக்கை திரும்பக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இதை எல்லாம் பின்சீட்டுப் பேச்சிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். இரண்டு விமானங்கள் விதியில் சொன்ன இடைவெளிக்குள் நெருங்கி வந்துவிட்டன, கடைசி நேரத்தில் ஒன்றைத் திருப்பிவிட்டார்கள். உள்ளே இருந்த பயணிகள் ஒருவருக்கும் தெரியாது. மடியில் இருந்த சாப்பாட்டுத் தட்டுகூட நகர்ந்திருக்காது.

ஒரு வாரம் கழித்து முதலாளி கூப்பிட்டார். மேசையில் அந்தத் தாள் இருந்தது.

"ஏர்போர்ட்ல இருந்து கேக்காக. அன்னைக்கு வண்டி லேட்டாம்லா? என் வண்டி என்னைக்குவே லேட்டா போயிருக்கு? இந்தா, பன்னிரண்டே முக்கால். ஆபீசரே கையெழுத்துப் போட்டிருக்காரு. சரிதானவே?"

தலையாட்டினேன்.

"அப்ப காப்பி எடுத்து அனுப்பிட வேண்டியதுதான்" என்றார். அனுப்பியும் விட்டார்.

அந்தத் தாள் என்ன செய்தது என்று மயிலாப்பூர் சார்தான் எனக்குப் புரிய வைத்தார். வேனில் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"ஓய், உம்ம காயிதத்துல நான் பன்னண்டே முக்காலுக்கே வந்துட்டேனாமே! நாங்க ரேடியோவுல பேசறதெல்லாம் பதிவாற டேப்ல ஒண்ணரை வரைக்கும் அடையாறுக்காரர் குரல் இருக்கு. அப்ப முக்கால் மணி நேரம் நான் என்ன பண்ணிண்டிருந்தேன்? கேன்டீன்ல வடை தின்னுண்டிருந்தேனா? ரிலீஃப் பண்ண வேண்டிய நான் லேட்டா வந்தேன்னு அவர் எழுதிக் குடுத்தார். வேன் லேட்டுன்னு நான் எழுதிக் குடுத்தேன். ரெண்டு பேருமா சேந்து பொய் சொல்றோம்னு ஆயிடுத்து."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கையெழுத்து என்னோடதுதான், ஒத்துக்கறேன். என்னிக்கு அதைப் படிச்சுட்டுப் போட்டிருக்கேன்? நீராவது ஒரு வார்த்தை வந்து சொல்லப்படாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"பாக்கறேன் சார்" என்றேன். மந்தைவெளி வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "கூட்டத்தால லேட்டுன்னு சொன்னாப் போதும். உம்மை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டா" என்று மெதுவாகச் சொன்னார்.

கூட்டத்தால் லேட்டு. அப்படிச் சொன்னால் முதலாளி திட்டுவார், அதோடு போய்விடும். அந்த இருபத்தைந்து நிமிடமும் திருவிழாவின் கணக்கில் சேர்ந்துவிடும். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று நாள் தள்ளினேன்.

மூன்றாம் நாள் மாலை அடையாறு சார் ஒருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தேன். பல நாளுக்குப் பிறகு முன்சீட்டில் உட்கார்ந்தார். மத்திய கைலாஷ் சிக்னலில் நெரிசல், வண்டி நகரவில்லை. நான் கேட்காமலே பேச ஆரம்பித்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும், பதில் பேசாதவனாக இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்.

டாஷ்போர்டில் கிடந்த பெட்ரோல் பங்க் ரசீதுகளை எடுத்து ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கினார்.

"ஒவ்வொரு விமானத்துக்கும் இப்படி ஒரு சீட்டு. பேர், உயரம், எத்தனை மணிக்கு எங்க இருக்கும், எல்லாம் அதுல இருக்கும். சின்னதா ஒரு பிளாஸ்டிக் சட்டத்துல செருகிப் பலகையில வரிசையா வைப்போம். ஏதாவது பிரச்சினை பாக்கி இருந்தா, அந்தச் சீட்டை மட்டும் இப்படிச் சாய்ச்சு வெளிய இழுத்து வைக்கணும்." ஒரு ரசீதைக் கோணலாக நகர்த்தினார். "வரிசையில ஒண்ணு கோணலா இருந்தா கண்ணு தானா அங்க போகும். வேலை முடிஞ்சப்புறம்தான் அதை உள்ள தள்ளணும்."

அந்தத் திருவிழா அன்று தெற்கிலிருந்து ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. இங்கிருந்து கிளம்பிய ஒன்று அதே பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. ஏறுவதை எட்டாயிரம் அடியில் நிறுத்தச் சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து வேறொரு விமானம் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் சொல்லலாம் என்று ஏறுகிற விமானத்தின் சீட்டைச் சாய்த்து வைத்தார்.

"காலையில இருந்து உட்கார்ந்திருக்கேன். ஒரு மணி ஆச்சு, ஒண்ணேகால் ஆச்சு, ஆள் வரலை. அப்ப வெளியில இருந்து யாரோ, வேன் வந்துடுச்சு சார்னு சொன்னாங்க. எழுந்திருக்கப் போறோம்னு உடனே ஒரு நிம்மதி. ஒருத்தர்கிட்ட இருக்கையைக் குடுக்கறதுக்கு முன்னாடி பலகையை ஒழுங்கு பண்ணிக் குடுக்கறது வழக்கம். என் கை அதைப் பண்ணிடுச்சு. எல்லாச் சீட்டையும் நேராத் தட்டி வச்சுது. இதையும் சேர்த்து."

கோணலாக இருந்த ரசீதைச் சுண்டுவிரலால் உள்ளே தள்ளினார். வரிசை அழகாக ஆனது.

"அவர் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். எல்லாம் நேரா இருக்கு. பாக்கி ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். நல்லவேளை, திரையில ரெண்டு புள்ளியும் நெருங்கறதைப் பார்த்துட்டார். ஒண்ணை இடது பக்கம் திருப்பச் சொன்னார். அவர் பார்க்கலைன்னா..."

பின்னால் ஒரு ஆட்டோக்காரர் கத்தினார். "யோவ் நைனா, சிக்னல் வுட்டு எவ்ளோ நேரம் ஆவுது? தூங்கிகினு கீறியா?" வண்டியை எடுத்தேன்.

அடையாறு டிப்போ பக்கம் போகும்போது என் குரல் எனக்கே கேட்காத மாதிரி கேட்டேன். "சீட்டைத் தள்ளுனதை அவங்க எப்டி சார் கண்டுபிடிச்சாங்க?"

"அவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க? டேப்புல குரல்தான் இருக்கும், கை இருக்காது. நான்தான் எழுதிக் குடுத்தேன்."

வீட்டு வாசலில் இறங்கும்போது ரசீதுகளைக் கலைத்து ஒன்றாகச் சேர்த்து, அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று இரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். "இன்னாய்யா, தட்ட பாத்துகினே குந்திகினு கீற?" என்று மனைவி கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தவள், "பெல்லு அமுத்துறதுக்கு இன்னாய்யா வெக்கம்? உன்னக் கட்டிகினு நான் பட்ற பாடு கீதே" என்றாள். என் சட்டையை எடுத்துத் துவைக்கப் போட்டாள். "நல்ல சட்டையாப் போட்டுகினு போ. ஆபீசருங்க முன்னால நிக்கணும்" என்றாள்.

டிரிப் ஷீட்டில் கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. ஆறு வருடத்தில் அதில் நான் ஒரு எழுத்தும் எழுதியதில்லை. புதிய தாள் ஒன்றில் அன்றைய நேரத்தைச் சரியாக எழுதி, குறிப்புக் கட்டத்தில் எழுத்துக் கூட்டி எழுதினேன். தெருவில் கூட்டம் பதினைந்து நிமிடம். சார் வீட்டு எதிரில் கூப்பிடாமல் நின்றது இருபத்தைந்து நிமிடம். முன்பு கொடுத்த தாளில் இருப்பது காலையிலேயே எழுதியது.

அடையாறு சாரைக் காலையில் ஆபீஸில் இறக்கிவிட்டு, அவர் போன பிறகு உள்ளே போனேன். விசாரணை அறை எது என்று வாசலில் ஒருவரிடம் கேட்டேன். மேசைக்குப் பின்னால் இரண்டு அதிகாரிகளும், தட்டச்சு செய்கிற ஓர் அம்மாவும் இருந்தார்கள். தாளை நீட்டினேன். பெரிய அதிகாரி அதை இரண்டு முறை படித்தார்.

"வீட்டு வாசலுக்குப் போயிருக்கீங்க. ஏன் மணி அடிக்கலை?"

"கூச்சம் சார்."

"என்னது?"

"உள்ள விருந்தாளிங்க நிறையப் பேர் இருந்தாங்க. கூச்சமா இருந்தது."

இன்னொரு அதிகாரி சிரித்துவிட்டார். பெரியவர் சிரிக்கவில்லை. தட்டச்சு செய்த அம்மா கையை நிறுத்தி, "இதை என்னன்னு சார் அடிக்கறது?" என்று கேட்டார்.

"அவர் சொன்னதை அப்படியே அடிங்கம்மா" என்றார்.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். மேசையை ஒரு தட்டுத் தட்டினார். "கூச்சப்படுதவன் கடைசி வரைக்கும் கமுக்கமா இருந்து தொலைய வேண்டியதுதானவே! தொறக்க வேண்டிய இடத்துல வாய மூடிட்டேரு, மூட வேண்டிய இடத்துல தொறந்துட்டேரு!" கொஞ்சம் ஆறியதும், மாதக் கடைசியோடு என்னைக் கல்யாண வண்டிக்கு மாற்றுவதாகச் சொன்னார். வேலையை விட்டு அனுப்பாததே பெரிது என்று வந்துவிட்டேன்.

மயிலாப்பூர் சார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஏறும்போது, "இருபத்தஞ்சு நிமிஷம்! ஆத்துல பாயசம் இருந்தது ஓய், உள்ள வந்திருந்தா ஒரு டம்ளர் கெடச்சிருக்கும்" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

அடையாறு சாருக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். சில வாரம் இன்னொருவர் பக்கத்தில் இருந்து பார்க்க, மறுபடி பயிற்சி எடுக்கச் சொன்னார்கள். இருக்கை போகவில்லை. என்னால்தான் போகவில்லை என்று சொல்ல மாட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது தடுத்துவிட்டார். "நீங்க லேட்டா வந்தீங்க. சீட்டை உள்ள தள்ளினது என் கை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க" என்றார். ஆறுதலுக்காகச் சொன்ன மாதிரி இல்லை. அவருக்கு அது தனித்தனியாகவே இருந்தது.

அந்த வண்டியில் எனக்குக் கடைசி நாளான மாதக் கடைசியில்தான் அவர் பயிற்சிக்கு முதல் நாள் உட்கார்ந்தார். மதிய ஷிஃப்ட். அடையாற்றில் அவர் வீட்டுத் திருப்பத்தில் வரும்போதே கையை ஹாரனில் வைத்துவிட்டேன். நீளமாக ஒரு முறை, விட்டு இன்னொரு முறை. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவர் வாசல் கேட்டுக்கு வெளியே, தலையை வாரி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான் வெளியிலயே நிக்கறேனே டிரைவர்!"

"தெரியும் சார்" என்றேன்.

முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கத்திப்பாராவில் ஒரு லாரி நின்றுபோய், கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. நிலையத்தில் வண்டியை நிறுத்தியதும் அவர் இறங்கவில்லை, கையெழுத்துக்காகக் கையை நீட்டினார். என் தாளில் இறக்கிய நேரத்தின் கட்டம் காலியாக இருந்தது. அவர் காத்திருக்க, வாட்ச்சைப் பார்த்து எழுதினேன். பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. அவரும் தன் வாட்ச்சைப் பார்த்தார். பிறகுதான் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.